சிறு திருத்தங்கள்

பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் செந்தூர்வேலுக்கு, தூத்துக்குடியிலிருந்து மதினி பிரேமா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். அதனால் ஐஸ் பேக்டரிக்கு நீங்கள் புரோகிராம் அனுப்பும் மெயிலுக்கே எழுதுகிறேன். இதையாவது படியுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து திரேஸ்புரத்தில் மீன் குவிகிறது. ஐஸ்தான் பற்றவில்லை. மீன் வண்டிகள் நான் வேலை பார்க்கும் பேக்டரி வாசலில் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வந்த வரிசைப்படி டோக்கன் அடிப்பதுதானே உங்கள் புரோகிராமின் வேலை? நீங்கள் அனுப்பிய புது செட்டப்பை நெட்டில் இறக்கி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டது நான்தான். மறுநாள் உங்கள் அண்ணனின் குட்டியானை வண்டி கடைசியாக வந்தது. வாசல் மிஷின் அதற்கு முதல் டோக்கன் கொடுத்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அவரும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டார்.

முதலில் வந்து வெயிலில் மீனோடு நின்ற இன்னொரு வண்டிக்காரன் விஜயராஜ், அண்ணனைப் பார்த்துக் கத்திவிட்டான். பொண்டாட்டி உள்ள கம்ப்யூட்டர்ல, தம்பி பெங்களூர்ல, ஒனக்கு முத நம்பர் வராம எவனுக்குல வரும், ஒந் தம்பி களவாணிப்பய என்றான். உங்களைச் சொன்னதும் அண்ணன் இரும்புக் கம்பியை எடுத்து அவன் வாயிலேயே அடித்தார். பல்லும் ரத்தமுமாகக் கீழே விழுந்தான். அவன் ஆட்கள் நாலு பேர் ஐஸ் கொக்கியை அண்ணன் தோளில் மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஐஸ் உடைக்கிற மிஷினுக்குள் அவருடைய வலது கையைத் திணித்தார்கள். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் மூன்று விரல் போய்விட்டது. ரத்தம் கலந்ததால் அன்று உடைத்த ஐஸ் முழுவதையும் பேக்டரிக்காரர்கள் சாக்கடையில் கொட்டினார்கள்.

அதன் பிறகு உங்கள் புரோகிராம் இருக்கும் போல்டரைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சோதனைக்குப் போட்ட வண்டிப் பட்டியல் அப்படியே கிடக்கிறது. அண்ணன் வண்டி நம்பர் முதலில். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதானே. செட்டப்பாகக் கட்டும்போது அதை எடுக்காமல் சேர்த்தே கட்டி அனுப்பிவிட்டீர்கள். மிஷின் அந்தப் பட்டியல்படியே டோக்கன் அடித்திருக்கிறது. களவு இல்லை, கவனக்குறைவு. எனக்குத் தெரிகிறது தம்பி.

ஆனால் இன்று காலை இன்னொரு செட்டப் வந்திருக்கிறது. சிறு திருத்தங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் போட்டால் பழைய பட்டியல் அழிந்துவிடும், நாம் தடயத்தை அழித்தோம் என்பார்கள். நான் போடமாட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே அண்ணன் ஆள் சேர்க்கிறார். வெள்ளிக்கிழமை விஜயராஜ் அதே ஆஸ்பத்திரிக்கு வாயில் போட்ட தையலைப் பிரிக்க வரும்போது வெட்டிச் சாய்ப்பதாகப் பேச்சு. அரிவாள்கள் நம் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கின்றன. தவறு உங்களுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். எந் தம்பி வேல தப்பாவாதுளா என்று இடது கையால் அறைந்தார். உதடு கிழிந்துவிட்டது. உங்கள் வாயால் சொன்னால்தான் நம்புவார்.

இனிமேல் பைல் அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்பே வாருங்கள். முதலில் அண்ணனிடமும், பிறகு விஜயராஜ் வீட்டிலும் நின்று சொல்லுங்கள். அண்ணன் அடிப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். அடித்துவிட்டு அழுவார். அப்போது எழுந்து போய்விடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள்.

செந்திலாண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மதினி,
பிரேமா