தோணியின் வலப்பக்கம்

அன்புள்ள கமலாட்சிக்கு,

நான் சுகம். ஆரணியில் உன் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

நீ சொன்னபடி தாமல் ஏரிக்குப் போனேன். ஏரி நடுவில் தீவாக நிற்கும் மேட்டுக்குப் போக, மீன் பிடிக்கும் தணிகாசலம் தன் பனந்தோணியைக் கொடுத்தார். ஐப்பசியில் நம் பிள்ளை கைலாசத்துக்குக் கொடுத்ததும், தோணி மட்டும் கரை ஒதுங்கியபோது பார்த்ததும் அவர்தான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் துடுப்பு போடுப்பா. ஒரு பக்கமே போட்டுக்கினு இருந்தா வட்டமடிக்கும்."

காற்றே இல்லை. தோணி நேராகப் போயிற்று. மேட்டில் நாரைகளைத் தவிர யாரும் இல்லை. பிள்ளைக்குக் குளிருமே என்று நீ கொடுத்தனுப்பிய அவன் சட்டையை ஒரு கிளையில் மாட்டினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த வழியெல்லாம் வலப்பக்கம் ஒரு தடவைகூட நான் துடுப்பு போடவில்லை. தறியில் பழகிய கை. இடப்பக்கம் நான், வலப்பக்கம் உட்கார்ந்து சேலைக் கரைக்கு ஊடை நூல் நாடாவை எறிவது இத்தனை வருஷமும் கைலாசம்தானே.

திரும்பும்போது தணிகாசலம் சொன்னபடி இரண்டு பக்கமும் போட்டேன். தோணி இடப்பக்கமே வளைந்து வளைந்து போனது. வலப்பக்கம் போடுவதை நிறுத்தினேன். நேராக ஓடியது.

கரை சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக் காலையில் நெய்ய உட்காரப்போகிறேன். வலப்பக்கத்துக்குக் கூலி ஆள் வைக்கச் சொல்லி உன் அண்ணன் எழுதியிருந்தார். ஆள் இருக்கிறான் என்று சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்