கட்டர் கவ்விய கையுறை

அன்புள்ள செண்பகத்துக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று எழுதுகிறேன்.

இங்கே திருவண்ணாமலைப் பட்டறையில் திங்களன்று, இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஓடும்போதே, என்னோடு வேலை செய்யும் அன்பரசன் இரும்புத் துருவலைக் கையால் தள்ளினான். சுழன்ற கட்டர் கையுறையைக் கவ்விக் கையை இழுத்தது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அதற்குள் அவனுக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன.

முதலாளி ராமதாஸ் என்னிடம், "அவன் குடிச்சிருந்தான்னு ஸ்டேஷன்ல சொல்லிடுப்பா" என்றார்.

"கட்டர் மேல இருந்த பாதுகாப்பு மூடியக் கழட்டச் சொன்னது நீங்க. அதத்தான் சொல்லுவேன்" என்றேன்.

ஸ்பேனரால் என் தோளில் அடித்தார். அதைப் பிடுங்கித் திருப்பி அடித்தேன். அவர் வாயில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் என் கை நின்றது. போலீசில் மூடியைக் கழற்றியதையும் சொன்னேன், நான் அடித்ததையும் சொன்னேன். கேஸ் நடக்கும்; பயப்படாதே. தோள் வீக்கம் வடிந்துவிட்டது.

வேலை போய்விட்டது. கீழ்பென்னாத்தூரில் அன்பரசன் வீட்டில்தான் இருக்கிறேன். அவன் அம்மா உண்ணாமலை, "வேற வேல கிடைக்கிற வரைக்கும் இங்கயே இருப்பா" என்கிறார்.

அரைக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. முழுக்கை மெஷினுக்கு ஆகாது. பாப்பாவின் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு. ஐந்து விரலும் தெரியட்டும்.

அன்பரசனுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பஸ் வந்துவிட்டது.

உன்
இசக்கிமுத்து