துண்டுக்குள் பேசிய பேச்சு

அண்ணா,

நேற்றுச் சாயங்காலம் டிவியில் ரெண்டு நாட்டு மந்திரிகள் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். நட்பு நாடாம், பாதுகாப்பு ஒத்துழைப்பாம், ராணுவப் பேச்சுவார்த்தையாம். போட்டோ எடுக்கிறவர்களுக்காகப் பிடித்த கையை விடாமல் பல்லைக் காட்டினார்கள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கைகளுக்கு மேலே ஒரு துண்டு கிடக்கிறதா என்றுதான் என் கண் தேடியது. உங்களால் வந்த வினை. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை காலமாகியும், எந்த ரெண்டு சர்க்கார் கைகுலுக்கினாலும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.

நீங்கள் மாட்டுத் தரகர். வாங்குகிறவர் கையைப் பிடித்து, மேல்துண்டை அதன்மேல் போட்டு, அடியில் விரலைத் தொட்டுத் தொட்டு விலை பேசுவீர்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல் விலையைப் பேசும். என் வீட்டுக்காரர் போன பிறகு, எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருசம், எங்கள் செவலைக் காளையை விற்க நானும் உங்களோடு சந்தைக்கு வந்தேன். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துண்டு அசைந்தது. வாங்க வந்தவர் தலையாட்டினார். கயிறு என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டது.

"என்னங்கண்ணா பேசினீங்க? என்ற மாடு, எனக்குத் தெரியக் கூடாதுங்களா?"

"துண்டுக்குள்ள பேசறது துண்டோட போயிரோணும் அம்மிணி. அதான் தொழில் தருமம்."

அந்தத் தருமத்தை நான் அன்றைக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பன் இல்லாத என் மகன் செங்கோடனை வளர்த்துவிட்டது நீங்கள்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஸ்டியரிங் பிடிக்கப் பழக்கி, பட்டாளத்தில் டிரைவராகச் சேர்த்துவிட்டதும் நீங்கள்தான். அதையும் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எண்பத்தேழு ஆடி மாசம். அவன் லீவில் வந்திருந்தான். லீவு முடியும் முன்னாலேயே உடனே வரச்சொல்லித் தந்தி வந்துவிட்டது. நம் சர்க்காரும் இலங்கைச் சர்க்காரும் பேசி முடித்து, நம் பட்டாளம் கடல் தாண்டிப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. காய்ச்சல் என்று டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு இங்கேயே கிட என்றேன். நீங்கள் ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தீர்கள்.

"எதுக்கு அம்மிணி இப்படிப் பதர்றே? ரெண்டு பக்கமும் துண்டு போட்டுப் பேசியாச்சு. படிஞ்சு போச்சு. கையெழுத்தும் ஆயிருச்சு."

"யாரு யாருங்கண்ணா பேசினாங்க?"

"பெரியவங்க. ரெண்டு நாட்டுப் பெரியவங்க."

"மாட்டைக் கேட்டாங்களா?"

செங்கோடன் சிரித்துவிட்டான். நீங்கள் மட்டும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தீர்கள். "அமைதிப் படைன்னு பேரு வெச்சிருக்காங்க. சண்டைக்குப் போறவனுக்கு ஆராச்சும் அந்தப் பேரு வெப்பாங்களா? அரிசி மூட்டை ஏத்திக்கிட்டுப் போவான், எறக்கி வெச்சுட்டு வருவான்."

"முட்டற காளைக்குச் சாதுன்னு பேரு சொல்லி நீங்க வித்ததில்லீங்களா?"

"அது யாவாரம் அம்மிணி."

"இது மட்டும் என்னவாமுங்க?"

"ஓடிப்போனவன்னு பையனுக்குப் பேரு வாங்கித் தரப் போறியா?" என்று வேறு பக்கம் திரும்பினீர்கள். அதில்தான் அவன் பெட்டியைக் கட்ட எழுந்தான். நீங்கள் என் கையை இழுத்து உள்ளங்கையில் ஓங்கி அடித்தீர்கள். "நான் பொறுப்பு. போதுமா?" துண்டு போடாமல் நீங்கள் கையடித்துக் கொடுத்து நான் பார்த்தது அது ஒன்றுதான். சூரமங்கலத்தில் ரயிலேற்றிவிட நீங்கள்தான் கூடப் போனீர்கள். நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

புரட்டாசி முடியும் சமயம். ரேடியோக்காரனின் குரலே மாறிவிட்டது. அமைதிப் படைக்கும் அங்கே இருக்கிற போராளிகளுக்கும் சண்டை மூண்டுவிட்டது என்றான். படையின் பேர் மட்டும் மாறவில்லை. துண்டுக்குள் கை விட்டவர்கள் ரெண்டு பேர். மூன்றாவது ஆள் ஒருத்தன் வெளியே நின்றுகொண்டிருந்ததை நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை? உங்களுக்கும் தெரியாது. நீங்கள் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன். நம்பித்தான் சொன்னீர்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதற்கப்புறம் உங்களோடு பேச்சை நிறுத்தினேன். நீங்கள் சந்தை சந்தையாக அலைந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன், மாட்டுக்காக இல்லை, பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளை விசாரித்துக்கொண்டு. மார்கழியில் ஒருநாள் உச்சிவெயிலில் வந்து கட்டுத்தறி ஓரமாக நின்றீர்கள். நான் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏ எருமை, வந்தவங்க எதுக்கு வந்தாங்களாம், கேளு."

நீங்களும் சளைக்கவில்லை. "ஏ எருமை, எடப்பாடியில ஒரு தறிக்காரர் பையன் பட்டாளத்துல இருந்து லீவுல வந்திருக்கறான். அவன் செங்கோடனைப் பார்த்தானாம். உசுரோட இருக்கறானாம்னு உன்ற எசமானிகிட்டச் சொல்லு."

"எங்க பார்த்தானாமுங்க?"

எருமையை மறந்து உங்களையே கேட்டுவிட்டேன். நீங்கள்தான் எருமையைப் பார்த்தபடி சொன்னீர்கள்.

"ஆஸ்பத்திரியில."

செங்கோடன் வந்தான். தானாக நடந்துதான் வந்தான். முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் ஏறியதாகவும், தன் வண்டியைத் திருப்ப நேரம் இருக்கவில்லை என்றும் சொன்னான். அதற்குமேல் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. வலது கைக்கு மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தான். பார்க்க வந்த சனமெல்லாம் பேசிவிட்டுப் போனபிறகு நீங்கள் வந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் துண்டுக்குள்ளே உங்கள் கையை விட்டீர்கள். தொழில் பழக்கம், வேறெப்படித் தொடுவது என்று உங்களுக்குத் தெரியாது. கட்டைவிரலைத் தொட்டீர்கள், அடுத்த விரலைத் தொட்டீர்கள். அதற்கடுத்துத் தொட எதுவும் இல்லை. உங்கள் கை துண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"வெலை தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

செங்கோடன் என்னை அதட்டினான். "அம்மா, சும்மா இருங்க. மாமன் என்ன பண்ணுவாங்க?"

அதன்பிறகு நீங்கள் தரகுக்குப் போகவில்லை. ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள், மனசு விட்டுப்போச்சு பாவம் என்று. எனக்கு அதிலும் கோபம்தான். நீங்கள் தரகை விட்டதால் என் பிள்ளைக்கு எந்த விரல் முளைத்தது? உங்கள் வீட்டு விசேசத்துக்கெல்லாம் வந்தேன், பந்தியில் மட்டும் உட்காரவில்லை. உங்கள் சம்சாரம் அதைச் சொல்லிச் சொல்லி அழுததாகச் சொன்னார்கள். அழட்டும் என்று இருந்தேன்.

கடைசியில் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது செங்கோடன்தான் பக்கத்தில் இருந்தான். இடது கையால் டம்ளரைப் பிடித்து உங்களுக்குத் தண்ணீர் புகட்டினான். நான் கதவோரம் நின்றேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "செங்கோடன் அங்கிருந்து வந்துட்டானா?" என்று கேட்டீர்கள். நினைவு தப்பிவிட்டது என்று உங்கள் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வந்துட்டனுங்க மாமா. இங்கதான் இருக்கறன்."

நீங்கள் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தீர்கள். நினைவு தப்பின பார்வை இல்லை அது. எனக்கல்லவா தெரியும்.

"இல்ல சாமி. நீ இன்னும் முழுசா வரல."

அண்ணா, ரோட்டில் போகிற லாரியின் டயர் வெடித்தால் கோழிப் பண்ணையில் இருக்கும் என் மகன் தீவனத்தைக் கொட்டிவிட்டு மண்ணில் குப்புறப் படுத்துவிடுவான். பிறகு எழுந்து, ஏதோ கீழே விழுந்ததைத் தேடினமாதிரி நடிப்பான். நானும் பார்க்காதமாதிரி நடிப்பேன். இதை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவனும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தும் அத்தனை வருசம் என்னிடம் ஏன் வாய் திறக்கவில்லை? இதுவும் துண்டோடு போக வேண்டிய பேச்சா? கேட்பதற்குள் போய்விட்டீர்கள். இந்தக் கணக்கும் உங்கள் பேரில்தான் இருக்கிறது.

நீங்கள் சொல்லிவிட்டுப் போன அந்தச் சொல்லை நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். கோழிப் பண்ணையிலிருந்து செங்கோடன் வந்து கைகால் கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்காருவான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. வட்டிலை வைப்பதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்க்கிறேன், இன்றைக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று.