பதினாறில் ஐந்து

எர்ணாவூர்

என் பிள்ளை ஜெகதீசனுக்கு,

உன் சித்தப்பா கோதண்டம் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி குணசுந்தரியும் தங்கச்சி சினேகாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அந்தக் கனடா குளிரில் உனக்கு ஒன்றும் வராமல் இருக்க வடிவுடையம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் சித்தி போனைப் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள், பேச்சு முடிவதே இல்லை. அதனால் எழுதி, சினேகாவை விட்டுப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா சித்தப்பா என்று கேட்டாயே, அதற்குப் பதில்தான் இது.

நடந்ததை நீ சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. கிச்சன் மேடைப் பலகையில் அடுப்பு உட்காரும் ஓட்டைக்கு இருபத்தெட்டு இஞ்சும் அதன்மேல் பதினாறில் ஐந்தும் என்று வரைந்து கொடுத்தார்கள், நீ அந்த ஐந்தைப் பார்த்ததும் ஐந்து நூல் என்று டேப்பை வைத்து வெட்டிவிட்டாய். நம் பக்கத்துப் பட்டறைகளில் இஞ்சுக்கு எட்டு நூல், அது எல்லோர் கையிலும் ஊறின கணக்கு. அவர்களுக்கு இஞ்சுக்குப் பதினாறு கோடு. ஆக இஞ்சுக்கு மேலே அவர்கள் கேட்டதைப்போல இரண்டு மடங்கு தள்ளி ரம்பம் ஓடி, அடுப்பு விளிம்பில் நிற்காமல் உள்ளே சரிந்துவிட்டது. பலகை பெரிதாக நின்றால் இழைத்துவிடலாம், ஓட்டை பெரிதானால் எதை இழைப்பது. அதற்காக உன்னை ரம்பத்திலிருந்து இறக்கி அட்டைப்பெட்டி ஒட்ட விட்டிருக்கிறார்கள் என்றால் வயிறு எரிகிறது. துறைமுகத்தில் நின்ற நார்வே கப்பலுக்கு நான் கேபின் கதவு செய்த கதை உனக்குத் தெரியும். கேப்டன் மில்லிமீட்டரில் சொன்னான், நான் டேப்பைத் தொடாமல் கண்ணாலேயே இஞ்சாக்கி வெட்டி மாட்டினேன், நடுவில் காற்றுகூடப் போகவில்லை, அவன் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான். எட்டாவதோடு நின்றவன்தான் நான், ஆனால் அந்த எட்டு இப்போதைய பன்னிரண்டுக்குச் சமம்.

நீ அனுப்பிய விலைப் படங்களை எடுத்துக்கொண்டு யானைக்கவுனி உளிக்கடைக்குப் போனேன். நாலு உளி அடங்கிய செட் உங்கள் ஊரில் தொண்ணூறு டாலர், நம் காசுக்கு ஐந்தாயிரத்துக்கு மேல், இங்கே ஆயிரத்து இருநூறு. உள்ளங்கை அளவு இழைப்புளி ஒன்றுக்கு இருநூற்று நாற்பது டாலர் என்று காட்டியதும் கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இந்த வெலைக்கு நானு இயைக்கிறதுக்கு ஆளையும் சேத்துக் குடுப்பேனே" என்றார். நான் சிரிக்கவில்லை. உளியை வேண்டுமானால் யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன், மெஷின் மட்டும் இங்கிருந்து கேட்காதே, அங்கே கரண்ட்டே பாதிதானாம், ஓடாது. இன்னொன்று பார்த்தேன், இங்கேயும் உளி மில்லியில்தான் வருகிறது, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து, நாம்தான் அதைக் கால், அரை, முக்கால், ஒன்று என்று கூப்பிட்டுக்கொண்டு திரிகிறோம். பதினெட்டுக்கும் முக்காலுக்கும் ஒரு மில்லி இடிக்கும், இங்கே அதை யார் கேட்டார்கள், மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துவிட்டுப் போவோம். அங்கே கேட்கிறார்கள்.

வந்துவிடுகிறேன் என்கிறாய், எந்தப் பட்டறைக்கு வருவாய் என்பதையும் நான் சொல்லவேண்டும். மழையில் சடையங்குப்பம் பக்கம் மூழ்கியபோது நம் ஷெட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர், பிளைவுட் எல்லாம் ஊறிப்போன அப்பளம் மாதிரி பிரிந்துவிட்டது, மோட்டார் இரண்டும் போச்சு. இடத்துக்காரர் கன்டெய்னர் லாரி நிறுத்த ஆள் கிடைத்துவிட்டது என்றார், சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது தண்டையார்பேட்டையில் பொன்னுரங்கம் வைத்திருக்கும் கிச்சன் கப்போர்டு கம்பெனிக்குப் போகிறேன். வெட்டுவதெல்லாம் மெஷின், எனக்கு வெட்டின பலகை ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டுகிற வேலை. முதல் நாள் பதினெட்டு இஞ்சு மூணு நூல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அங்கே சூப்பர்வைசர் பையன், "பெர்சு, இஞ்சு நூலெல்லாம் வூட்ல வெச்சிகினு வா, இங்க மில்லிதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மாதிரி கை இந்த வடசென்னையில் இல்லை என்று பொன்னுரங்கமே சொல்லுவார், இருந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீ இங்கே வந்தாலும் அதே பட்டைதான் ஒட்டவேண்டும், என் பக்கத்தில் நின்றுகொண்டு.

அதனால் என் பேச்சைக் கேள். அந்த டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் பின்னத்தை அச்சடித்திருப்பார்களே, அப்படி ஒன்று வாங்கு. மனசுக்குள்கூட நூல் என்று எண்ணாதே. கழிவுப் பலகை கேட்டு வாங்கி அதே ஓட்டையைப் போடு, சரியாக வரும்வரை போடு, வந்ததும் வாய் திறக்காமல் ஃபோர்மேன் முன்னால் கொண்டுபோய் வை. திரும்ப ரம்பத்தில் நிற்க வைப்பார்களா மாட்டார்களா, எனக்குத் தெரியாது. பொய்யாக ஒரு வார்த்தை சொல்ல மனசு வரவில்லை.

இதைப் படித்துக் காட்டியதும் உன் சித்தி சொன்னாள், "வேலை இல்லாங்காட்டி போவுது, புள்ள வந்தா போதும்." அண்ணன் போன பிறகு உனக்குச் சோறு ஊட்டினவள் அவள், அவளை எதிர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. முயன்று பார், அதற்கு மேலும் அவர்கள் உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் வந்துவிடு. ஏன் திரும்பி வந்தான் என்று டீக்கடையில் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன், கனடா முதலாளி பட்டறைச் சாவியை என் பிள்ளை கையில் வைத்தான், இவன்தான் வேண்டாம் என்றான், அவன் ஏர்போர்ட் வரை வந்து கட்டிப்பிடித்து அழுதான் என்று. ஒருத்தனும் நம்பமாட்டான். ஆனால் என்னை மடக்குகிற மும்முரத்தில் உன்னை ஒருத்தனும் ஒரு கேள்வி கேட்கமாட்டான், அவ்வளவு நேரம் பேசுவேன். நீ தலையைக் குனியாமல் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்.

அம்மன் உன் பத்து விரலையும் பார்த்துக்கொள்ளட்டும். குளிருகிறதே என்று கையுறை மாட்டிக்கொண்டு ரம்பம் ஓட்டிவிடாதே, துணியைப் பிடித்தால் விரலை விடாது.

உன் சித்தப்பா,
மேஸ்திரி கோதண்டம்