எழுந்து போனால்தான் நிற்கும்

அக்கா,

இன்று அந்த மருத்துவமனை வாசலில் கைகளில் தேய்த்துக்கொள்ளக் கொடுத்த மருந்தின் வாசனை மூக்கில் ஏறியதும், நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். அதே ஓசூர். அதே பச்சிளங்குழந்தைகள் பிரிவு.

அன்று, குறைமாதத்தில் பிறந்த உன் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலாகக் கிடந்தாள். பெயர் வைக்கவில்லை. கால் பட்டையில் உன் பெயர்தான் இருந்தது, இன்னாரின் குழந்தை என்று.

மாலையில் தலைமாட்டுக் கருவி விட்டு விட்டு அலறியது. மருத்துவரிடம் ஓடினாய், உன் பின்னால் நானும். "சார், பாப்பா மூச்சு காலையில மாதிரி இல்லைங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

அவர் எழவில்லை. மேசையிலிருந்தே சத்தத்தை நிறுத்தினார். "சும்னிரம்மா" என்று கன்னடத்தில் உன்னை அடக்கிவிட்டு, தமிழில் சிரித்தார்: "அந்த மெஷினுக்கும் உனக்கும் ஒரே வேல. கத்திக்கிட்டே இருக்கறது."

விடிந்தபோது அவள் இரத்தமெல்லாம் கிருமி. உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. மறுவருடம் காய்ச்சல் உன்னையும் கொண்டுபோயிற்று.

நீ வேலைக்குப் போகக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது தோழிகளிடம் என்னைக் கேலி செய்வாயே: "இவ வாயே தொறக்க மாட்டா. ஆனா பாம்பு மாதிரி, ஒண்ணையும் மறக்க மாட்டா."

நம் வீட்டின் முதல் பட்டம் என்னை ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்த்தது. குறைமாதக் குழந்தையின் நாடியிலும் மூச்சிலும் நேரும் சிறு மாற்றங்களைக் கவனித்து, கிருமி முற்றுவதற்கு முன்பே எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு எங்களுடையது. சில நேரம் தவறாகவும் கத்தும். அதனால் மேசையிலிருந்தே நிறுத்த மருத்துவர்கள் ஒரு பொத்தான் கேட்டார்கள். கூட்டங்களில் பேசாத நான் அன்று பேசினேன். "தப்பா கத்தினா ஒரு நடை வீண். சரியா கத்தினா?"

பொத்தான் வைக்கவில்லை.

இன்று அதைச் சொல்லிக்கொடுக்கப் போனேன். முன்வரிசையில் அதே மருத்துவர். என்னை அடையாளம் தெரியவில்லை. பயிற்சிக்கு வைத்த பொம்மைக் குழந்தையின் பட்டையில் உன் பெயரைப் போட்டிருந்தேன். வாய்விட்டுப் படித்தார். அதுவும் நினைவுக்கு வரவில்லை.

கருவி அலறியது.

"இத இங்கிருந்தே எப்படிம்மா ஆஃப் பண்றது?"

"முடியாதுங்க சார். எழுந்து போய்க் குழந்தையப் பாத்து, பாத்தது யாருன்னு பதிஞ்சாத்தான் நிக்கும்."

"அதுவரைக்கும் கத்துமா?"

"நீங்க எழுந்திருக்கற வரைக்கும் கத்தும் சார்."

நர்ஸுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர் எழுந்து நடந்தார், குனிந்து பார்த்தார், பதிந்தார். "சரியா பதியலைங்க சார், இன்னொரு தடவை" என்றேன். மறுபடியும் நடந்தார்.

முதல் தடவையே பதிந்திருந்தது, அக்கா.

நான் மன்னிக்கவில்லை. அவர் அன்று சிரித்துக்கொண்டே சொன்ன சொல்லை இன்னும் சுமக்கிறேன். அதை மெய்யாக்கியும் விட்டேன்: அந்தக் கருவிக்கும் உனக்கும் இனி ஒரே வேலை.