அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறோம், நீயும் மருமகளும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சொன்னால் மாடி ஏறச் சொல்லிவிடுவேனோ என்று மறைக்கிறார். கடையில் ஜிப் வியாபாரம் பரவாயில்லை, பட்டன்தான் மந்தம், இப்போது எல்லோரும் பட்டனே இல்லாத சட்டையாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் சொல்லவந்தது வேறு விஷயம், போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

யார் யாருக்கு என்ன உறவு என்று கட்டமும் கோடுமாக நீ வரைந்து அனுப்பிய குடும்பப் படம் வந்தது. கடையில் நூல்கண்டு அலமாரிக்கு மேலே ஒட்டி வைத்தேன். நம் ஒல்லித் தையல்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னக்கா, யானைக்குச் சட்டை தைக்கப் போறீங்களா, இம்மாம் பெரிய அளவு வரைஞ்சு வச்சிருக்கீங்க என்று கேட்டார். யார் யாரையோ விசாரித்து, கொள்ளுத்தாத்தாவின் தம்பியைக்கூட விடாமல் பிடித்துக் கட்டத்துக்குள் உட்கார வைத்திருக்கிறாய், எனக்குப் பெருமையாக இருந்தது. டயர் மாமா தன் பஞ்சர் கடையிலிருந்து வழக்கம்போல டீ குடிக்க வந்தார். விரலை வைத்துத் தேடித் தன் பெயரைக் கண்டுபிடித்தார். என் கூடப்பிறந்த தம்பியாக அவரைப் போட்டிருந்தாய். அக்கா, நான் உங்க வீட்லயே பொறந்துட்டேனா, முன்னாடியே சொல்லியிருந்தா கூட ரெண்டு வாய் சாப்பிட்டு வளர்ந்திருப்பேனே என்றார், கடையே சிரித்தது. பிறகு அவர் விரல் அப்பாவின் கட்டத்துக்குப் போனது. அதற்குப் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். விரல் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் தடவிப் பார்த்தது. கடையில் பஞ்சர் வண்டி நிக்குது என்று சொல்லிவிட்டு டீயைத் தொடாமலே போய்விட்டார். ஆறிய டீயைக்கூட விடாத மனுஷன் அவர்.

அப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன், வாயைத் திறந்தார். அவருடைய முதல் மனைவியை எங்கே போடுவது என்று நீ கேட்டாயாம், வேண்டாம்டா, உங்கம்மா மனசு கஷ்டப்படும் என்றாராம். அவளை எடுத்ததும் அவள் தம்பி டயர் மாமா எதிலும் ஒட்டாமல் தொங்கினார், அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து அவரை என்னோடு ஒட்டுப்போட்டுவிட்டீர்கள். என் மனசைக் காப்பாற்ற இவ்வளவு வேலை செய்த நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் எல்லாம் தெரிந்துதான் இந்த வீட்டுக்கு வந்தேன். அவள் அப்பாவோடு இரண்டு வருஷம்கூட முழுதாக வாழவில்லை, காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. பிள்ளை பெற்றவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட்டால் அது குடும்பப் படமா, பிரசவ ஆஸ்பத்திரிப் பதிவேடா? குட்டி நாளைக்கு அதைப் பார்த்து வளரும் பிள்ளை, யோசித்துப் பார்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், தன் அக்கா இடத்துக்கு வந்தவள் யார் என்று பார்க்கத்தான் அவர் முதல்முதலாக வந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, உப்பு கம்மிக்கா என்றார். அந்த அக்கா என்ற வார்த்தையை அப்புறம் அவர் மாற்றவே இல்லை. கடை திறக்க யாரும் கைகொடுக்காதபோது அலமாரிக்கு ஆணி அடித்தது அவர்தான்.

அப்பாவிடம் கேட்ட மறுநாள் டயர் மாமா கடைக்குப் போய், அடுக்கியிருந்த டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, உங்க அக்காவைப் பத்திச் சொல்லுங்க என்றேன். இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது, பம்ப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். இவருக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவள்தானாம், விழுந்தால் தூக்கிவிடாமல் தள்ளி நின்று சிரிப்பாளாம். போட்டோ ஒன்றுகூட இல்லை. என் மூஞ்சியையே போட்டுடுங்க, மீசையை மட்டும் எடுத்துட்டா அவதான் என்றார். சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் என்று இனி மிச்சம் இருப்பது அவரும் அப்பாவும்தான். அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, அவ நல்லா விசில் அடிப்பா என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவளைப் பற்றி அவர் தானாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அப்பாவின் பிறந்தநாளுக்கு எல்லோரும் கூடும்போது பெரிதாக அச்சடித்து மாட்டப்போவதாகச் சொன்னாய். அதற்குள் திருத்திவிடு. அப்பாவுக்குப் பக்கத்தில் முதலில் அவள், அப்புறம் நான். கட்டம் என் அளவுக்கே இருக்கட்டும், மூலையில் சின்னதாகத் திணிக்காதே. பெயரையும் ஊரையும் அப்பா போனில் சொல்வார், அவர் வாயால் சொல்லட்டும், நீ குறுக்கே பேசாமல் கேள்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மருமகளை அதட்டாதே, குட்டியை என் சார்பாக நன்றாகக் கொஞ்சு. மூவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும். மறக்காதே, டயர் மாமாவுக்கு அவர் அக்காவிடமிருந்து ஒரு கோடு போட வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் கடையிலிருந்து நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, என்கிட்டேர்ந்து உங்களுக்குப் போட்ட கோட்டை அழிச்சிடாதீங்கக்கா என்றார். ஒரு ஆளுக்கு இரண்டு கோடு வராது என்று உன் கம்ப்யூட்டர் சொன்னால், அச்சடித்த பிறகு பேனாவால் நானே போட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா