மலைக்கார அம்மா கொடுத்த முதல் பழம்

என் மல்லிகாவுக்கு, நீ இருக்கிற இடத்துக்கு,

என் வயிற்றில் இருந்தபோதே உன் மகனுக்கென்று பேசி முடித்தாயே, அந்த மருமகள் யாழினி தூங்கிவிட்டாள். தாழ்ப்பாள் போட்டேனா என்று எழுந்து எழுந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறதுடி.

மத்தியானம் உங்கள் மலையிலிருந்து ஒரு அம்மா எங்கள் தெருவுக்குச் சீத்தாப்பழம் கொண்டுவந்தார். கூடையை இறக்கியதும் முதல் பழத்தை வாசலில் விளையாடிய யாழினியிடம் நீட்டினார். உன் அம்மாவும் அப்படித்தானே? முதல் பழம் குழந்தைக்கு, அப்புறம்தான் வியாபாரம் என்பாயே.

எதிர்வீட்டு சரசு அக்கா அதைப் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். “புள்ள புடிக்கிறவ. பழத்துல மயக்க மருந்து. நாளைக்கும் வரேன்னிருக்கா, வுடாதீங்க.” கட்டி வைத்து விசாரிக்கலாம் என்று இரண்டு பேர். சாயங்காலத்துக்குள் அந்தப் போட்டோ எங்கெங்கே போனதோ.

நான் நீளமாக எழுதினேன். அது அவர்கள் வழக்கம், என் மகள் தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறாள் என்று. சரசு அக்கா எழுதினார்: “படிச்ச திமிரு. உன் புள்ளய தூக்கிகினு போனாத்தான் தெரியும்.”

படித்ததும் யாழினியை இழுத்து அவள் வாயை மோந்து பார்த்தேன். நானும் நம்பிவிட்டேனா? முன்பின் தெரியாத ஒருவருக்காக எதை வைத்துப் பேசுவது?

திட்டி ஒரு பதில் எழுதி, அனுப்பப் போனேன். அப்போது நீ நினைவில் வந்தாய். காலேஜ் குரூப்பில் மலைக்காரர்களைக் கேவலமாக எழுதியவனிடம், “சாப்ட்டீங்களாண்ணா?” என்று கேட்டாயே. “அவங்கிட்ட இன்னாடி கொஞ்சல்?” என்று நான் கத்தினேன்.

“திட்டுனா இன்னும் ரெண்டு பக்கம் எழுதுவான். சாப்ட்டியான்னா அதுக்குப் பதில் சொல்லித்தானடி ஆவணும்?” என்று சிரித்தாய்.

எழுதியதை அழித்துவிட்டு சரசு அக்காவுக்குப் போன் போட்டேன். “சாப்ட்டீங்களாக்கா? பேரன் சாப்ட்டானா?”

அந்தப் பக்கம் அழுகை. “எம்மவன் இவன எங்கிட்ட வுட்டுட்டு திருப்பூர்ல கெடக்கிறான். ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்?”

“எனக்கும் பயம்தாங்க்கா. நாளைக்கு அந்தம்மா வந்தா மொதல்ல நாம ரெண்டு பேரும் பேசிப் பாக்கலாமா?”

“நீ முன்னால போ. நான் பின்னாலயே வரேன்.”

போட்டோவை அழித்துவிட்டார். எங்கள் குரூப்பில் மட்டும். மற்ற குரூப்பிலெல்லாம் அது சுற்றிக்கொண்டுதானே இருக்கும்? முகம் தெரியாதவர்களில் எத்தனை பேரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்? நீ கண்மூடியதிலிருந்து உன் மகனும் அப்பாவோடு மலையிறங்கி வருகிறவன். அவனும் ஏதாவது ஒரு குழந்தையிடம் ஒரு பழத்தை நீட்டிவிட்டால்?

நாளைக்கு உங்கள் வெள்ளிமலை பஸ் வருகிற நேரத்துக்கு, யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் நிற்பேன். அந்த அம்மா கூடையை இறக்கினால் முதல் பழத்தை இவள் கையில் வாங்கவைப்பேன். எல்லாரும் பார்க்க அதைப் பிட்டு முதல் வாய் நான் தின்பேன். பயமாகத்தான் இருக்கும். பயந்துகொண்டே தின்பேன், மல்லிகா.

உன் மகனுக்குப் பெண் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கும்
சம்பந்தி தேன்மொழி